வாடைக் காலத்தில் ஒரு கழுத்துச் சால்வை

கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில்தான் மத்தேயு முதன்முதலாகக் கம்பளி நூலைக் கையில் எடுத்தான். வாடைக் காற்று இறங்கிவிட்டால் முல்லைத்தீவுக் கரையில் படகுகளை மேட்டுக்கு இழுத்துத் தென்னைகளோடு கட்டிவிடுவார்கள். அந்தக் கரையிலிருக்கும் கள்ளப்பாட்டுக் கிராமத்து ஆண்களில் சிலர் நந்திக்கடல் களப்பில் இறாலுக்குப் போவார்கள். மற்றவர்கள் கரையோரக் கொட்டில்களான வாடிகளில் கூடியிருந்து வலை பொத்துவார்கள், காட்ஸ் விளையாடுவார்கள், அலுத்துப்போனால் மழையைத் திட்டுவார்கள். மத்தேயு தன் வலைகளை வெகு கெதியில் பொத்தி முடித்துவிட்டான். காட்ஸில் அவனுக்கு நாட்டமில்லை. கதையிலும் இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் அவன் வாய் திறந்தால் அன்றைக்கு மழைதான் என்று பகிடி பண்ணுவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பகிடியும் எடுபடவில்லை.

அவனுடைய மனைவி ஆன்சலா அந்த வருடம் ஆனி மாதம் ரோமானியாவுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு தோறும், இங்கே பூசை முடிந்து சாப்பாடும் முடிந்த நேரத்தில் கூப்பிடுவாள். மகள் ஜெயரூபினிதான் முதலில் கதைப்பாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. தாயோடு கதைக்க அவளிடம் ஆயிரம் இருக்கும். கடைசியில் போனைத் தகப்பன் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். பிறகு திரையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

"சாப்பிட்டியளே?"

"ஓம். நீ?"

"ஓம். கடல் எப்பிடி?"

"அடிக்குது."

அவ்வளவுதான். மிச்ச நேரம் இணைப்புச் சரியில்லை என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் கார்த்திகை ஞாயிறு ஒன்றில் ஆன்சலா போர்வையால் தலையையும் காதையும் மூடிக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. விடியற்காலை தங்குமிடத்திலிருந்து தொழிற்சாலைக்கு நடந்துதான் போகவேண்டும், ஜக்கெட் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் குளிர் கழுத்தாலை பூந்து முதுகுக்குள்ளை போகுது என்றாள். அதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. ஒரு புதுச் செய்தி போலத்தான் சொன்னாள்.

"கழுத்துக்கு ஒண்டு வாங்கிப் போடன்," என்றான் மத்தேயு.

"வாங்கலாம், பாப்பம்," என்றாள் அவள்.

அவள் வாங்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். தனக்கென்று ஒன்று வாங்குவதைத் தள்ளிப்போட்டே பழகியவள். போனை வைத்த பிறகும் கழுத்தாலே புகும் குளிரைப் பற்றியே அவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் அறிந்த குளிரெல்லாம் மார்கழி விடியலில் இடுப்பில் நனைந்த சாரத்தோடு படகில் இருக்கும் குளிர்தான். அதைவிடப் பெரியது எப்படியிருக்கும் என்று அவனால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

அவள் போனதில் அவனுக்குச் சம்மதமில்லை. அதை மறைக்கவுமில்லை. சுனாமி தன் தாயையும் தகப்பனையும் கொண்டுபோன பிறகு, தகரக் கொட்டில்களில் குடியிருந்த காலத்தில் அவன் ஆன்சலாவைக் கலியாணம் செய்தான். பிறகு போர் துரத்த, கையில் பிள்ளையோடு இரண்டு பேரும் ஊர் ஊராக ஓடினார்கள். முள்வேலி முகாமுக்குள் யாரோ கொடுத்த ஒரு தையல் மிசினில்தான் அவள் தொழில் பழகினாள். ஊருக்குத் திரும்பிய பின் ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து, ஒரு வரிசைக்கே பொறுப்பாக வந்தாள். அங்கே ஆட்களைக் குறைத்தபோதுதான் ரோமானியாக் கதை வந்தது.

"கடலுக்குப் போறவன்ரை பெண்சாதி கடல் கடந்து போய் உழைக்கோணுமோ?" என்று மத்தேயு கேட்டான்.

"உழைப்புக்கு மட்டுமில்லை," என்றாள் ஆன்சலா. "இந்த வயசு வரைக்கும் நான் எத்தினை இடம் மாறிப்போனன்? எல்லாம் ஆரோ துரத்தி ஓடினதுதானே. ஒருக்கா நானா ஒரு இடத்துக்குப் போறன். விடுங்கோ."

அதைக் கேட்ட பிறகும் அவனுக்குச் சம்மதம் வரவில்லை. அவள் புறப்பட்ட நாளில் ஜெயரூபினியும் ஆன்சலாவின் தமையனும்தான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனார்கள். மத்தேயு விடியமுன்னமே கடலுக்குப் போய்விட்டான். அன்றைக்கு மீனும் படவில்லை.

திங்கட்கிழமை அவன் பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போனான். சால்வை ஒன்று வாங்கி அனுப்பலாம் என்றுதான் போனது. கடைகளில் இருந்ததெல்லாம் பெண்பிள்ளைகள் தோளில் போடுகிற மெல்லிய துணி. ஒரு பான்சிக் கடையில் கண்ணாடி அலுமாரிக்குள் கம்பளி நூல் உருண்டைகள் இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைவேலைக்கு வாங்குவது. கத்தரிப்பூ நிறத்தில் மட்டும் கைநிறைய இருந்தது. அதை எடுத்து விரலால் நீவிப்பார்த்தான். சிறு வயதிலிருந்து நைலோன் நூலில் புழங்கிய விரல்கள். இது பூனைக்குட்டியின் வயிறு போல இருந்தது. இருந்ததையெல்லாம் கட்டித்தரச் சொன்னான்.

"என்ன ஐயா, மகளின்ரை புரஜெக்டுக்கோ?" என்று கடைக்காரி கேட்டாள்.

"ஓம்," என்றான் மத்தேயு.

பின்னல் ஊசி அங்கே இல்லை. வலையில் அடையாளக் கொடி கட்ட வைத்திருந்த மூங்கிலில் இரண்டு குச்சி பிளந்து, உடைந்த போத்தல் ஓட்டால் வழித்து, முனையைக் கூராக்கித் தேங்காய் எண்ணெய் பூசினான். ஜெயரூபினி போனில் வீடியோ ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். அதில் முகம் தெரியாத ஒரு பெண். கைகள் மட்டும்தான். மணிக்கட்டு நிறைய வளையல். பேசிய பாஷை இருவருக்கும் விளங்கவில்லை. மத்தேயு சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தான்.

வலை பின்னத் தெரிந்தவனுக்கு இது பெரிய வேலையா என்றுதான் அவன் நினைத்திருந்தான். அந்த நினைப்பு முதல் நாளே போய்விட்டது. வலையில் ஒவ்வொரு கண்ணும் ஒரு முடிச்சு. ஒரு தரம் இறுக்கினால் அது அங்கேயே நிற்கும், அடுத்ததைப் பார்க்கலாம். இதில் முடிச்சே கிடையாது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அதற்குள் இன்னொன்று. ஒன்றைத் தவறவிட்டால் அது கீழே கீழே கழன்று அடிவரைக்கும் போய்விடும். இறுக்கிப் பிடித்தால் ஊசி நுழையாது. மத்தேயுவுக்கு இறுக்கித்தான் பழக்கம். மூங்கில் குச்சி ஒன்று முறிந்தும் போனது.

முதலில் பின்னிய துண்டு காய்ந்த வெற்றிலை போல இரண்டு பக்கமும் சுருண்டுகொண்டது. ஜெயரூபினி வேறொரு வீடியோ தேடினாள். அதே வளையல் கைகள். இந்தத் தடவை ஒரு கண்ணியை முன்னாலிருந்து குத்தி, பின்பக்கம் இருக்கும் நூலை அதற்குள்ளால் இழுத்தன. அடுத்ததைப் பின்னாலிருந்து குத்தி, முன்பக்கம் கொண்டுவந்த நூலை இழுத்தன. மாறி மாறி அது மட்டும்தான். பின்னி முடித்த துணி சுருளாமல், நெல் பரப்பின பாய் மாதிரி மணி மணியாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மத்தேயுவுக்கு அது பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு வேலைக்கும் என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியாது. 'உள்ளுக்கு', 'வெளியாலை' என்று தானே பெயர் வைத்துக்கொண்டான்.

வீட்டில் மழை ஒழுகியதால் பகலில் நூலையும் குச்சியையும் வாடிக்கு எடுத்துப்போனான். அதைச் சாக்குப் பைக்குள் ஒளித்துவைத்திருந்து என்ன பயன்? ஒரே படகில் அவனோடு தொழிலுக்குப் போகிற றஜித் முதல் நாளே கண்டுவிட்டான்.

"என்ன அண்ணை, எந்த மீனுக்கு இந்த வலை? கண் இவ்வளவு சின்னனாக் கிடக்கு?"

வாடி முழுக்கச் சிரித்தது. மத்தேயு தலை நிமிரவில்லை. "உள்ளுக்கு, வெளியாலை" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"ஆன்சலா அக்காவுக்கோ?" என்று றஜித் கொஞ்சம் பொறுத்துக் கேட்டான்.

"ஓம்."

அதற்குப் பிறகு பெரிதாக ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அந்த வாடியில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு யாரோ ஒருவர் குளிர் நாட்டில் இருந்தார்கள்.

ஆனால் மணி மணியாக வரவேண்டியது வரவில்லை. அவன் செய்ததெல்லாம் சரிதான். உள்ளுக்கு ஒன்று, வெளியாலை ஒன்று. துணியோ உழுத வயல் மாதிரி கோடு கோடாக எழும்பியது. கழற்றினான். மறுபடி பின்னினான். மறுபடியும் கோடு. கோடென்றாலும் சால்வைதானே, குளிரைத் தடுக்காதா என்று ஜெயரூபினி கேட்டாள். தடுக்கும்தான். அவனுக்கு மனம் ஆறவில்லை. வீடியோவின் தொடக்கத்தில் நிறுத்தி, அந்தப் பெண்ணின் ஊசியில் இருந்த கண்ணிகளை எண்ணினான். ஒற்றை எண். தன்னுடையதை எண்ணினான். இரட்டை. ஒன்று கூட இருந்தால் என்ன மாறிவிடும் என்று அன்று பின்னேரம் முழுக்கக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லப் பிடிபட்டது. ஒற்றையாக இருந்தால் வரிசை தொடங்கினது போலவே உள்ளுக்கு முடியும். திருப்பிப் பிடிக்கும்போது அந்தக் கண்ணி இந்தப் பக்கம் மேடாக நிற்கும். அந்த மேட்டின் மேல் மறுபடி உள்ளுக்குக் குத்த, பள்ளம் விழும். மேட்டுக்கு மேல் பள்ளம், பள்ளத்துக்கு மேல் மேடு. இரட்டையில் மேட்டின் மேல் மேடே ஏறிக்கொண்டு போய்க் கோடாகிவிடும்.

அதைக் கண்டுபிடித்த சந்தோசத்தை யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. ஆன்சலாவிடம் சொல்லலாம். ஆனால் சால்வை பின்னுவதையே அவளுக்குச் சொல்லவில்லை. ஜெயரூபினியையும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருந்தான். வெட்கம்தான் காரணம். முடித்த பிறகு பார்க்கலாம் என்றிருந்தான்.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் வந்தது. ஆன்சலா இல்லாத முதல் நத்தார். பலகாரத்தை ஜெயரூபினியே சுட்டாள். பாதி கருகியது, அதையும் தின்றார்கள். புது வருடத்தில் மழை கொஞ்சம் வெளித்தது. சால்வை மத்தேயுவின் மடியிலிருந்து இறங்கிக் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜெயபுரத்திலிருந்து தனுஷா என்றொரு பெண் அதே தொழிற்சாலைக்குத் தைப்பொங்கல் முடியப் போகிறாள் என்று அறிந்து, அவளிடம் கொடுத்துவிட ஒழுங்கும் செய்திருந்தான்.

புது வருடத்து முதல் ஞாயிறு ஆன்சலா கூப்பிட்டபோது ஜெயரூபினி தேவாலயத்தில் பாட்டுப் பழக்கத்துக்குப் போயிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று மத்தேயுவுக்குப் பட்டது. கட்டிலில் இல்லாமல் எங்கோ மாடிப்படியில் நின்று மெல்லிய குரலில் கதைத்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு விசயம். கத்தாமல் கேளுங்கோ."

அவளுடைய அறையில் இருக்கும் வவுனியாக்காரி வீரம்மாவும் இன்னும் சிலரும் இத்தாலிக்குப் போகப் போகிறார்கள். லொறிக்குள் ஒளித்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடுகிற ஒருவன் இருக்கிறான். இத்தாலியில் இறங்கிவிட்டால் வயோதிபர்களைப் பார்க்கிற வேலை உடனே கிடைக்குமாம். இங்கே வாங்குகிறதைவிட எவ்வளவோ கூட. வருகிற புதன்கிழமை புறப்பாடு. இவளையும் வரச்சொல்கிறார்கள்.

மத்தேயுவின் கண்ணுக்குள் இருட்டு லொறியும் அதற்குள் நெருக்கிக்கொண்டு இருக்கிற ஆட்களும் வந்தார்கள். போகாதே என்று சொல்ல வாய் வந்தது. போன தடவையும் அதைத்தான் சொன்னான், அவள் போனாள். அதோடு, அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு போகாதே என்று சொல்ல எவருக்கும் சுலபம். சொல்லிவிட்டு வலையைப் பொத்திக்கொண்டிருக்கலாம். அங்கே படியில் குளிருக்குள் நிற்பவள் அவள்.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டான்.

"எல்லாரும் போகினம். அறையிலை நான் மட்டும் மிஞ்சுவன். பேந்து இப்பிடி ஒரு ஆள் கிடைக்குமோ தெரியாது. கெதியா முடிவு சொல்லு எண்டு நிக்கினம்."

"அது அவையின்ரை நினைப்பு. நான் உன்னைக் கேக்கிறன்."

அவள் போனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"ஆன்சி," என்றான் மத்தேயு. அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டுக் கனகாலம். "அண்டைக்கு நீ சொன்னனி, ஒருக்கா நானாப் போறன் எண்டு. எனக்கு அப்ப விளங்கேல்லை. இப்ப கொஞ்சம் விளங்குது. இது நீயாப் போறதோ? இல்லாட்டி ஆரும் துரத்திப் போறதோ? அதை மட்டும் யோசி. நீயாப் போறதெண்டால் நான் குறுக்கை நிக்கமாட்டன். எனக்குப் பயமாத்தான் இருக்கும். அது என்ரை பாடு."

படியில் யாரோ ஏறிப்போகிற சத்தம் கேட்டது. ஆன்சலா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். கொஞ்ச நேரம் அவளுடைய காதும் சுவரும்தான் திரையில் தெரிந்தன.

"நீங்கள் இப்பிடிக் கதைச்சு நான் கேட்டதில்லை," என்றாள் கடைசியில்.

"எனக்கும் புதுசாத்தான் கிடக்கு."

அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள். அழுதாளா, குளிரா என்று சொல்ல முடியவில்லை. அப்போதுதான் மத்தேயு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பக்கத்தில் கிடந்த சால்வையை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தான். குச்சி ஒன்று அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"உனக்குத்தான். கழுத்துக்கு. முடியேல்லை இன்னும்."

"ஆர் பின்னினது?"

"நான்."

"பொய்."

"சத்தியமா. றஜித்தைக் கேட்டுப்பார்."

தையல்காரி அல்லவா, கிட்டக் கொண்டுவரச் சொன்னாள். திருப்பிக் காட்டச் சொன்னாள். ஓரத்தைக் காட்டச் சொன்னாள். "ஓரம் வடிவா வந்திருக்கு," என்றாள். மத்தேயு ஒற்றை எண்ணையும் இரட்டை எண்ணையும் பற்றி விளக்கத் தொடங்கினான். மேடு, பள்ளம், உள்ளுக்கு, வெளியாலை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். கலியாணம் செய்த நாளிலிருந்து ஒரே மூச்சில் அவன் அவளோடு அவ்வளவு கதைத்ததில்லை. இணைப்புச் சரியில்லை என்று இருவருமே சொல்லவில்லை.

இத்தாலியைப் பற்றி அன்றைக்கு அவள் முடிவொன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை ஒரு குரல் செய்தி வந்தது. "நான் போகேல்லை. அவை வெளிக்கிட்டிட்டினம். வீரம்மாக்கா போகேக்கை அழுதவா. எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. பேந்து கதைக்கிறன்."

மத்தேயு அந்தச் செய்தியை வாடியில் இருந்து பலமுறை கேட்டான். நிம்மதிதான். ஆனால் அவள் குரலில் இருந்தது நிம்மதி இல்லை. தனியாக ஒரு அறையில் மிஞ்சிப்போனவளின் குரல். அதைக் கேட்கக் கேட்க அவனுக்குக் கை வேகமாக ஓடியது.

பொங்கலுக்கு அடுத்த நாள் நூல் முடிந்தது. இன்னும் ஒரு முழம் இருந்தால் நல்லது என்று பட்டாலும் அந்த நிறம் வேறெங்கும் இல்லை. முடிக்கிற விதத்தை வீடியோவில் பார்த்து, கடைசி வரிசையின் கண்ணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கிப் போட்டு அடைத்தான். ஜெயரூபினி கழுவி, மழையில்லாத ஒரு மத்தியானம் கொடியில் போடாமல் பாயில் விரித்துக் காயவைத்தாள்.

தனுஷாவைப் பரந்தன் சந்தியில் சந்திக்க ஏற்பாடு. பஸ் தரிப்பிடத்தில் அவள் தகப்பனோடு நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும், முகமெல்லாம் பயம். மத்தேயு பொதியைக் கொடுத்தான். சால்வையோடு கொஞ்சம் கருவாடும் மிளகாய்த்தூளும் இருந்தன.

"அங்கை சரியான குளிரோ அண்ணை?" என்று தனுஷா கேட்டாள்.

"கழுத்தாலைதான் பூருமாம். கழுத்தை மூடிக்கொண்டு போங்கோ, பிள்ளை," என்றான் மத்தேயு. பிறகு என்ன நினைத்தானோ, "பொதியைத் திறந்து அதைப் போட்டுக்கொண்டு போனாலும் பரவாயில்லை. அங்கை போய்க் குடுக்கலாம்," என்றான்.

அவள் அப்படித்தான் செய்தாள். இறங்கின இடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்ததாம். தங்குமிடத்து வாசலில் கத்தரிப்பூ நிறச் சால்வையோடு ஒரு புதுப் பெண்ணைக் கண்டதும் ஆன்சலா அவளைக் கட்டிப்பிடித்தாளாம். தனுஷா வீரம்மாவின் கட்டிலில் வந்து படுத்தாள். அறை நிறைந்தது.

மாசியில் வீரம்மாவிடமிருந்து செய்தி வந்தது. அவள் இத்தாலியில் ஒரு வயோதிப மாதுவின் வீட்டில் நல்லபடியாக இருக்கிறாள். சம்பளமும் சொன்னது போலத்தான். அவளோடு போன ஒருத்தியை எல்லையில் பிடித்து ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆன்சலா இரண்டையும் மத்தேயுவிடம் ஒன்றாகவே சொன்னாள்.

"நான் போயிருந்தால் இதிலை எந்தப் பக்கம் விழுந்திருப்பனோ," என்றாள்.

"தெரியாது," என்றான் அவன். நல்லகாலம் நீ போகவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வீரம்மாவின் சம்பளத்தைச் சொன்னபோது ஆன்சலாவின் கண்ணில் ஒரு ஏக்கம் வந்து போனதை அவன் கண்டிருந்தான். "கவலையா இருக்கோ?"

"சில நாள் இருக்கும். சில நாள் இராது."

"எனக்குச் சொல்லு, இருக்கிற நாளிலை."

பங்குனியில் கடல் அடங்கியது. படகை இறக்கினார்கள். மத்தேயுவும் றஜித்தும் மறுபடி தொழிலுக்குப் போகத் தொடங்கினார்கள். ஆன்சலா இருக்கும் ஊரில் பனி உருக, அவள் சால்வையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். வேலைக்கு வருகிற ரோமானியப் பெண்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். கணவர் பின்னினது என்றதும் நம்பாமல் சிரித்தார்களாம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயரூபினிதான் போனுக்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது. போன வாரம், ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல் ஒரு நாள் கூப்பிட்ட ஆன்சலா, ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் ஒரு வருடம் நீட்டித் தரலாம் என்று மேற்பார்வையாளர் சொன்னதாகச் சொல்லிவிட்டு, "என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

மத்தேயு வாசற்படியில் குந்தியிருந்தான். உடம்பில் இன்னும் உப்புக் காயவில்லை.

"வா எண்டுதான் மனம் சொல்லுது," என்றான். "ஆனால் அது என்ரை மனம். நீ முதலிலை உன்ரை மனசைச் சொல்லு. நான் இருக்கிறன், ஆறுதலாச் சொல்லு."

ஆன்சலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள். குசினிக்குள் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜெயரூபினி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, தகப்பனைக் கூப்பிடாமல் தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.